ஒற்றனின் உடையும் தையற்காரரின் உழைப்பும்: பிரித்தானிய ‘சூட்’ பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒற்றாடல் பற்றிக் கூறும் திருக்குறள் அதிகாரம், கண்டோர் ஐயுறாத உருவத்தை ஒற்றனுக்குரிய இலக்கணங்களுள் ஒன்றாகக் கொள்கின்றது. துறவியரின் கோலம் அதற்கு உகந்ததெனவும் கூறுகின்றது. உடை ஒற்றனைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்தல் வேண்டும் என்பதே அங்குள்ள எண்ணம். 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆந் திகதி இலண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘டொக்டர் நோ’ என்னும் படத்தில் தோன்றிய ஒற்றன் இதற்கு நேர்மாறானவன். அவன் அறைக்குள் நுழைந்தவுடன் எல்லோரும் அவனைப் பார்க்கின்றனர். பார்ப்பதற்கு முதற் காரணம் அவனது உடை. மறைந்திருக்க வேண்டியவன் தன் உடையாலேயே உலகறிந்தவனாகும் இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது? அவ்வுடை எதனை வெளிப்படுத்திற்று? எதனை மறைத்தது? இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரையாகும்.

ஜேம்ஸ் பொண்ட் படங்களின் உடை பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் வியப்புரைகளாகவே உள்ளன. காலத்தால் அழியாத கனவான் இரசனையின் வெளிப்பாடு என்று அவை அதனைப் போற்றுகின்றன. மறுபுறத்தில், முற்போக்கு நோக்குடையோர் அதனை முதலாளித்துவ ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதும் உண்டு. இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே உடையை அணிந்தவனை மாத்திரம் காண்கின்றன, தைத்தவனைக் காண்பதில்லை.

1. உடையின் தோற்றம்

ஒரே துணியில் வெட்டப்பட்ட மேற்சட்டையும் காற்சட்டையும், சில வேளைகளில் அவற்றோடு உட்சட்டையும் சேர்ந்த தொகுதியையே ‘சூட்’ என்கிறோம். இதன் முன்வரலாற்றை 1666ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு ஒக்டோபரில் இரண்டாஞ் சார்ள்ஸ் மன்னன் பிரெஞ்சு அரசவையின் பகட்டான பாணியைக் கைவிட்டு, நீண்ட உட்சட்டையை மையமாகக் கொண்ட புதிய உடையை அணியப்போவதாக அறிவித்தான். சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு இதற்குச் சான்று பகர்கின்றது. கொள்ளைநோயும் இலண்டன் பெருந்தீயும் அடுத்தடுத்து நிகழ்ந்த அக்காலத்தில், அரசன் சிக்கனத்தைக் கண்ணுக்குப் புலப்படுமாறு காட்டவேண்டியிருந்தமை கவனிக்கத்தக்கது.

எனினும் நாம் இன்று அறியும் உடையின் அழகியலை வகுத்ததில் பெரும்பங்கு போ பிரம்மல் (1778–1840) என்பவருக்கு உரியது. பட்டும் சரிகையும் நீங்கின. கருநீலக் கம்பளி மேற்சட்டையும் வெண்ணிறச் சட்டையும் உடலோடு பொருந்திய வெட்டும் முதன்மை பெற்றன. பிரம்மல் பிரபுக் குடும்பத்திற் பிறந்தவரல்லர். அவருடைய தந்தை நோர்த் பிரபுவின் அந்தரங்கச் செயலாளர். பிறப்பால் வராத மேன்மையை வெட்டின் நேர்த்தியால் பெறலாம் என்பதை அவர் நிலைநாட்டினார். அதற்குரிய விலையையும் அவரே செலுத்தினார். 1816இல் கடன்காரருக்கு அஞ்சிப் பிரான்சுக்கு ஓடிய அவர், 1840இல் அங்குள்ள கான் நகரில் வறியவராக இறந்தார். நிலப்பிரபுத்துவத்தின் அலங்காரம் வீழ்ந்து பூர்சுவா வர்க்கத்தின் அடக்கமான கறுப்பும் சாம்பலும் எழுந்த காலகட்டத்தின் குறியீடாக அவரைக் கொள்ளலாம். செல்வம் இனி நிறத்தில் அன்றித் தையலில் மறைந்துறையும். அதனை அறிந்தோரே அறிவர்.

இத்தையலின் தலைமையிடமாகச் சேவில் றோ என்னும் இலண்டன் வீதி வளர்ந்தது. 1730களில் பேர்லிங்டன் பிரபுவின் காணியில் அமைக்கப்பட்ட இவ்வீதி, அவருடைய மனைவி டொரதி சேவிலின் பெயரைப் பெற்றது. 1806இல் தொடங்கப்பட்ட பூல் நிறுவனம், 1846இல் ஹென்றி பூலின் கைக்கு வந்தபின் இவ்வீதியை நோக்கித் தன் வாயிலைத் திறந்தது. அரசர்களும் தூதுவர்களும் அங்கு வந்து அளவு கொடுத்தனர்.

ஒரே துணியிலான இன்றைய ‘சூட்’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓய்வுநேர உடையாகவே தோன்றியது. தொழிலாளர் பிரதிநிதியான கீர் ஹார்டி 1892இல் பாராளுமன்றத்துக்கு முதன்முறையாகச் சென்றபோது, நீண்ட கறுப்பு மேற்சட்டையையும் உயர்ந்த பட்டுத் தொப்பியையும் தவிர்த்துச் சாதாரணக் கம்பளி ‘சூட்’டில் சென்றமை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பிற்காலத்தில் ஆளும் வர்க்கத்தின் சின்னமாகக் கருதப்பட்ட இவ்வுடைவகை, அன்று உழைப்பாளியின் எதிர்ப்புக் குரலாக ஒலித்தது. ஆகவே உடைக்கு இயல்பாகவே அமைந்த வர்க்கக் குணம் என ஒன்றில்லை. அதனை அணிவோரின் உறவுகளும் காலமும் அக்குணத்தை அதற்கு அளிக்கின்றன.

2. தைக்கும் கைகள்

அளவெடுத்துத் தைக்கப்படும் மேற்சட்டை ஒன்று உருவாகும் முறையைச் சிறிது விரிவாக நோக்குதல் பயனுடையது. வெட்டுநர் அளவெடுக்கிறார், வாடிக்கையாளரின் தோள் சரிவையும் முதுகு வளைவையும் கண்ணால் குறித்துக்கொள்கிறார். பின்னர் தடித்த மண்ணிறத் தாளில் அவருக்கென்றே தனி மாதிரி வரையப்படுகின்றது. அதன்படி சுண்ணக்கட்டியால் துணியிற் கோடிட்டு வெட்டுகின்றனர். வெள்ளை நூலால் தளர்வாக ஓடவிட்டு முதன்முறை அணிவித்துப் பார்க்கின்றனர்; பின்பு தையலைப் பிரித்து மீண்டும் வெட்டுகின்றனர். மார்பின் உட்புறத்தே குதிரைமயிர் கலந்த தடித்த உள்துணி வைத்து, வெளியே தெரியாத சிறு தையல்களாற் பிணைக்கின்றனர். நனைத்த துணியிட்டுச் சூடான இரும்பினால் தட்டையான துணியை உடலின் வளைவுக்கு இசைவிக்கின்றனர். இம்முறையில் ஒரு ‘சூட்’ முடிய ஐம்பது மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட கைவேலை தேவைப்படும். மேற்சட்டை, காற்சட்டை, உட்சட்டை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழிலாளர் உளர். வெட்டுநர் கடையின் முன்புறத்தில் வாடிக்கையாளரோடு பேசுகிறார். தைப்போரோ நிலக்கீழ் அறையிலோ அயலிலுள்ள சோகோ பகுதியின் மாடியறைகளிலோ இருந்தனர். சப்பாணி கட்டியிருந்து தைக்கும் அவர்களுடைய இருக்கையின் நினைவாகவே தொடையின் நீண்ட தசையொன்று இலத்தீன் மொழியில் தையற்காரன் பெயரைப் பெற்றது.

இத்தொழிலாளர் பிரித்தானியாவில் மிக முற்பட்டு அமைப்புற்றோருள் அடங்குவர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலண்டன் தையற் கூலியாளர் மதுச்சாலைகளைக் கூடுமிடங்களாகக் கொண்டு கூலியுயர்வும் நேரக்குறைப்பும் கோரினர். அவர்களுடைய கூட்டை அடக்குவதற்கென்றே 1721ஆம் ஆண்டளவில் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. 1834இல் நடந்த பெரும் வேலைநிறுத்தம் தோல்வியுற்றபின், கடைக்கு வெளியே குறைந்த கூலிக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் முறை விரைந்து பரவியது. ஹென்றி மேகியூ 1849–50இல் எழுதிய பத்திரிகைக் கடிதங்களும், சார்ள்ஸ் கிங்ஸ்லியின் ‘அல்ட்டன் லொக்’ (1850) என்னும் தையற்காரனைத் தலைவனாகக் கொண்ட நாவலும் இந்நிலையைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தன.

இக்காலத்தில், சேவில் றோவிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில், டீன் வீதியின் இரு சிறு அறைகளில் கார்ல் மார்க்ஸ் தம் குடும்பத்துடன் வாழ்ந்தார். 1852 பெப்ரவரியில் ஏங்கல்ஸுக்கு எழுதிய கடிதமொன்றில், மேற்சட்டைகள் அடகுகடையிலிருப்பதால் தம்மால் வெளியே செல்ல முடியவில்லை எனக் குறிப்பிடுகின்றார். ‘மூலதனம்’ முதற் பாகத்தின் (1867) தொடக்க அதிகாரத்திலே பெறுமதியை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் இருபது யார் லினன் துணியும் ஒரு மேற்சட்டையுமே. மேற்சட்டை பெறுமதியின் உறைவிடம் மாத்திரமன்று, மனிதனை வீதியில் நடமாட விடும் அனுமதிச் சீட்டும் ஆகும் என்பதை அவர் அனுபவத்தாலும் அறிந்திருந்தார். அவருடைய தோழரும் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக விளங்கியவருமான ஜோர்ஜ் எக்காரியஸ் தொழிலால் ஒரு தையற்காரரே. இலண்டன் தையற் றொழில் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 1850இல் மார்க்ஸும் ஏங்கல்ஸும் தமது சஞ்சிகையில் வெளியிட்டனர்.

1881இன் பின் ருஷ்யப் பேரரசில் யூதருக்கெதிரான வன்செயல்களிலிருந்து தப்பிவந்தோர் இலண்டனின் கிழக்குப் பகுதியில் தையற் றொழிலில் இறங்கினர். நெரிசலான பட்டறைகளில் நீண்ட நேரம் உழைத்த அவர்கள், மேற்குப் பகுதியின் ஆங்கிலேயத் தையற்காரரால் கூலியைக் கெடுப்போராகவே நோக்கப்பட்டனர். இப்பகைமையைத் தாண்டியமையே 1912ஆம் ஆண்டு நிகழ்வின் சிறப்பு. அவ்வாண்டு மேற்குப் பகுதித் தையற்காரர் சுமார் 1,500 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய வேலை கிழக்குப் பகுதிப் பட்டறைகளுக்குத் திருப்பப்படும் நிலை தோன்றியது. ருடோல்ஃப் றொக்கர் என்னும் ஜேர்மானியர், தாம் யூதரல்லாதவராயினும் யித்திஷ் மொழி கற்று அம்மக்களிடையே பணியாற்றியவர். அவரது தூண்டுதலால் ஆயிரக்கணக்கான யூதத் தையற்காரர் கருவிகளைக் கீழே வைத்தனர். தமது கோரிக்கைகளையும் முன்வைத்து மூன்று வாரமளவில் வெற்றியும் கண்டனர். அப்போது தாமும் வேலைநிறுத்தத்திலிருந்த துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகளைத் தம் வீடுகளில் வைத்து உணவூட்டினர். பசியை அறிந்த வீடுகள் பசித்த பிள்ளைகளுக்குத் திறந்தன. சேவில் றோவின் எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத இவ்வரலாறே அவ்வுடையின் மிகச் சிறந்த மரபெனலாம்.

3. எல்லோர்க்குமான உடை

லித்துவேனியாவிலிருந்து 1900இல் வந்த யூத இளைஞரான மொண்டேகு பேட்டன், தொழிலாளிக்கும் எழுதுவினைஞனுக்கும் எட்டக்கூடிய விலையில் அளவெடுத்த ‘சூட்’ வழங்கும் வணிகத்தைக் கட்டியெழுப்பினார். கிளைக் கடைகளில் எடுத்த அளவுகள் லீட்ஸ் நகர ஆலைக்கு அனுப்பப்பட்டன. வேலை பல சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டுப் பெரும்பாலும் பெண்களாலே செய்யப்பட்டது. உச்சகாலத்தில் அவ்வாலையில் 10,000 பேரளவில் வேலை செய்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒவ்வொருவனுக்கும் அரசு உடைத்தொகுதி ஒன்றை வழங்கியபோது, அவற்றின் கணிசமான பங்கு இவ்வாலையிலேயே தைக்கப்பட்டது. 1950களில் பிரித்தானியாவில் ‘சூட்’ அணியாத ஆண்மகனைக் காண்பது அரிதாயிற்று. எல்லோரும் அணிந்தபின் வேறுபாட்டை எவ்வாறு காட்டுவது என்ற வினாவை உயர்வர்க்கம் எதிர்நோக்கியது. பழைய பிரபுக் குடும்பங்கள் நலிந்து, அளவெடுத்துத் தைக்கும் சிறு கடைகளும் வாடிக்கையாளரை இழந்துகொண்டிருந்தன. இச்சந்தர்ப்பத்திலேதான் திரைப்பட ஒற்றன் வருகின்றான்.

4. கொண்டுயிற் வீதியிலிருந்து திரைக்கு

ஜேம்ஸ் பொண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங் (1908–1964) ஈட்டன் பாடசாலையில் கற்றவர். போர்க்காலத்தில் கடற்படைப் புலனாய்வில் பணியாற்றியவர். ஆனால் முதற் படத்தில் பொண்டாகத் தோன்றிய ஷோன் கொனரி எடின்பரோ நகரின் தொழிலாளர் குடியிருப்பான ஃபவுண்டன்பிரிட்ஜில் 1930இற் பிறந்தவர். தந்தை ஆலைத் தொழிலாளியும் லொறிச் சாரதியும்; தாய் துப்புரவுத் தொழிலாளி. கொனரி சிறுவயதில் பால் விநியோகித்தார், சவப்பெட்டிகளுக்கு மெருகிட்டார், உடற்கட்டுப் போட்டியிலும் கலந்துகொண்டார். இவரைக் கனவானாக மாற்றும் பொறுப்பு நெறியாளர் ரெறன்ஸ் யங்கிடம் சேர்ந்தது. யங் தாம் வழக்கமாக உடை தைப்பித்துக்கொள்ளும் அந்தனி சின்கிளயரிடம் கொனரியை அழைத்துச் சென்றார். சின்கிளயரின் கடை சேவில் றோவை அடுத்த கொண்டுயிற் வீதியில் இருந்தமையால் அவரது வெட்டும் அப்பெயராலேயே வழங்கியது. அவ்வுடையோடு இயல்பாகப் பழக வேண்டும் என்பதற்காக அதனை அணிந்தபடியே உறங்குமாறும் யங் கொனரியிடம் சொன்னதாகக் கூறப்படுகின்றது.

அவ்வெட்டின் இயல்புகள் எளியவை. திணிப்புக் குறைந்த இயல்பான தோள், சற்றே நிறைந்த மார்பு, ஒடுங்கிய இடை, இரண்டு பொத்தான்கள், பட்டி கட்டாது பக்கங்களில் இறுக்கிக்கொள்ளும் காற்சட்டை, சாம்பலும் கருநீலமுமான அமைதியான நிறங்கள். எங்கும் மிகையில்லை. எனினும் இவ்வுடைக்கு உயிர்ப்பைத் தந்தது அதனுள்ளிருந்த உடலே. பயிற்சியால் விரிந்த கொனரியின் மார்புக்கும் ஒடுங்கிய இடைக்குமிடையே இருந்த பெரும் வேறுபாட்டை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் துணியால் இணைப்பதே தையற்காரருக்கு எழுந்த சவால். நலிந்துகொண்டிருந்த உயர்வர்க்கத்தின் தோற்றத்துக்குத் தொழிலாளி மகனொருவனின் உடல் இரத்தம் ஏற்றிற்று எனலாம்.

இதன் அரசியல் பின்னணியும் நோக்கற்பாலது. ‘டொக்டர் நோ’வின் கதை நிகழ்வது ஜமெய்க்காவில். அங்கு படப்பிடிப்பு நடந்தபோது அது பிரித்தானியக் குடியேற்ற நாடு; படம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்கள் முன், 1962 ஓகஸ்ட் 6ஆந் திகதி அது சுதந்திரம் பெற்றுவிட்டது. 1956இல் சுயெஸ் நெருக்கடியிற் பட்ட அவமானத்தின் பின், உலகில் தன் நிலையிழந்த நாடொன்று திரையில் மட்டும் கசங்காத உடையுடன் உலாவியது. அப்படத்தில் தனக்கு உதவிபுரியும் கரீபியப் படகோட்டியான குவாரலிடம் பொண்ட் தன் சப்பாத்துக்களை எடுத்துவரப் பணிக்கும் காட்சியொன்று உண்டு. பேரரசு தன் கொடியை இறக்கிவிட்டது. ஆயினும் சப்பாத்தைத் தூக்கிவரும் கை கறுத்த கையாகவே இருக்கவேண்டும் என்னும் கருத்துநிலை மாறவில்லை. திரையில் அக்கட்டளையை இடுபவன் வாழ்க்கையில் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகன் என்பது இதன் வேதனையான முரண்.

அடுத்த படமான ‘ஃப்ரொம் ரஷ்யா வித் லவ்’ (1963) இதனை மேலும் தெளிவாக்குகின்றது. அதில் எதிரி ஆங்கிலேயக் கனவானின் உடையில் வருகின்றான். உடையில் குறைகாண முடியவில்லை. ஆனால் புகைவண்டியின் உணவறையில் மீனுக்குச் சிவப்பு மதுவைக் கேட்டமையைப் பொண்ட் பின்னர் அவன் போலித்தன்மைக்குச் சான்றாகக் கூறுகின்றான். உடையை விலைக்கு வாங்கலாம். வர்க்கப் பழக்கத்தை வாங்க முடியாது என்பதே காட்சியின் உட்பொருள். ஆனால் அந்நுட்பமெல்லாம் கொனரிக்குச் சில மாதங்களிற் கற்பிக்கப்பட்டவையே. படம் சொல்லும் கருத்தைப் படம் எடுக்கப்பட்ட முறையே மறுதலிக்கின்றது.

1965இல் வெளிவந்த ‘தி இப்கிறெஸ் ஃபைல்’ இதற்கு மாறுபட்ட குரலாக அமைந்தது. பில்லிங்ஸ்கேற் மீன்சந்தைச் சுமையாளியின் மகனான மைக்கல் கெயின் அதில் தம் வர்க்கத்தை மறைக்காத ஒற்றனாக நடித்தார். மூக்குக்கண்ணாடியும் மழைக்கோட்டும் அணிந்த அவன் தானே சமைக்கின்றான். சிறையைத் தவிர்ப்பதற்காக ஒற்றனாக்கப்பட்டவன். அவனைக் காட்டிக்கொடுப்பவன் அவனுடைய கனவான் மேலதிகாரி.

5. உண்மை ஒற்றர்

கற்பனை இவ்வாறிருக்க, நடைமுறையோ இன்னும் கூர்மையானது. கிம் ஃபில்பி 1963 ஜனவரியில், அதாவது ‘டொக்டர் நோ’ வெளிவந்து நான்கு மாதங்களுக்குள், மொஸ்கோவுக்குத் தப்பியோடினார். வெஸ்ற்மின்ஸ்ரர் பாடசாலையும் கேம்பிரிட்ஜும் தந்த பேச்சும் தோற்றமும் அவரை நெடுங்காலம் ஐயத்துக்கு அப்பால் வைத்திருந்தன. துறவிக் கோலம் ஐயம் எழுப்பாதது போல, இலண்டன் அதிகார வட்டத்தில் நன்கு தைத்த ‘சூட்’ ஐயம் எழுப்பவில்லை. பழைய ஒற்றாடல் இலக்கணம் அங்கு அப்படியே பொருந்திற்று. அவருடைய தோழரும் 1951இல் ஓடியவருமான கை பேர்ஜஸ், 1958இல் மொஸ்கோ வந்த நடிகை கோரல் பிறவுணிடம் தம் உடலளவுகளை எடுப்பித்து, இலண்டனில் தம் தையற்காரரிடம் புதிய ‘சூட்’ தைப்பித்து அனுப்புமாறு வேண்டினார். 1983இல் இந்நிகழ்வு தொலைக்காட்சி நாடகமாகவும் ஆக்கப்பட்டது. நாட்டைத் துறந்தவரால் நாட்டின் வெட்டைத் துறக்க முடியவில்லை. இதனை வெறும் நகைப்புக்குரியதாகக் கொள்ளலாகாது. கொள்கையால் ஒருவன் தன் வர்க்கத்தை விட்டு வெளியேறலாம். உடலின் பழக்கங்கள் அத்துணை விரைவில் வெளியேறுவதில்லை என்பதற்கு அது சான்று.

6. பிற்காலமும் முடிவும்

பிற்காலத்தில் இவ்வுடை தன் ஆங்கிலேய வேரையும் இழந்தது. 1995 முதல் 2006 வரையான பொண்ட் படங்களுக்கு இத்தாலிய நிறுவனமான பிறியோனியும், 2008 முதல் 2021 வரையானவற்றுக்கு அமெரிக்கரான ரொம் ஃபோர்டின் நிறுவனமும் உடை வழங்கின. 2014இல் ஆக்கப்பட்ட ‘கிங்ஸ்மன்’ படத்தில் சேவில் றோத் தையற்கடையே ஒற்றர் நிலையமாகின்றது; ஏழைக் குடியிருப்பு இளைஞனொருவன் அங்கு ‘சூட்’ அணிந்து கனவானாகின்றான். படத்தில் வரும் உடைகளே அப்படத்தோடு விற்பனைக்கும் விடப்பட்டன. பிரம்மலின் காலந்தொட்டு வரும் வாக்குறுதி அங்கும் மீளச் சொல்லப்படுகின்றது: உடையை மாற்று, வர்க்கம் மாறும். தையற்கடையை மையமாகக் கொண்ட கதையிலும், நாள்முழுதும் குனிந்திருந்து தைப்போரின் வாழ்வுக்கு இடமில்லை.

இவ்வாக்குறுதிக்கு ஆட்பட்டோர் பிரித்தானியர் மட்டுமல்லர். 1905ஆம் ஆண்டு ஆனந்த குமாரசுவாமியும் அவரைச் சார்ந்தோரும் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவியபோது, ஐரோப்பிய உடையை ஆராயாது பின்பற்றுதலை அவர் கடிந்தமை நினைவுகூரத்தக்கது. அக்கண்டனம் பண்பாட்டு நோக்கில் நியாயமானதே. ஆனால் அது அணிவோரை நோக்கியது. தைப்போரின் நிலைமை அதன் எல்லைக்குட்படவில்லை. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கப்பட்டபின், பிரித்தானியா உட்பட மேலைநாட்டுச் சந்தைகளுக்கான ஆடைகளை இந்நாட்டு இளம்பெண்கள் ஆயிரக்கணக்கிற் தைக்கலாயினர். சோகோவின் மாடியறைகளும் லீட்ஸின் ஆலையும் எழுப்பிய வேலைநேரமும் கூலியும் பற்றிய வினாக்கள் இங்கும் எழுந்தன.

ஆகவே தொடக்கத்திற் குறிப்பிட்ட இரு நோக்குகளும் திருத்தப்படல் வேண்டும். சின்கிளயரின் வெட்டில் வெளிப்படும் நேர்த்தி, கனவானின் பிறவிக் குணமன்று. தலைமுறைகளாகத் தொழிலாளர் கைகளிற் சேர்ந்த அறிவு அது. அதனை ஆடம்பரம் என்று இகழ்வது, அவ்வறிவை அதனை வாங்கியவனுக்கே தானமாகக் கொடுத்துவிடுவதாகும். இகழத்தக்கது தையலன்று, தைத்தவனைத் தான் தைத்ததை அணியவியலாதவனாக வைத்திருந்த உறவுமுறையே. 1912இல் ஊசியைக் கீழே வைத்தவர்கள் தம் தொழிலை இகழவில்லை. அதன் பெறுமதியை அறிந்தமையாலேயே அவ்வாறு செய்தனர். திரையில் ஒற்றனின் மேற்சட்டை மார்பில் சுருக்கமின்றி விழுவதை அடுத்தமுறை காணும்போது, அதன் உட்புறத்தே கண்ணுக்குத் தெரியாது நிற்கும் சிறு தையல்களையும் நாம் எண்ணிப்பார்ப்போமாக. மேற்சட்டையை நிமிர்த்தி வைத்திருப்பவை அவையே.